இமை சரியும் வரை

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பாம்பு கடித்தது என்று வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள், வியர்த்து விறுவிறுத்து வருவார்கள், இல்லையென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர் தன் ஜீப்பைத் தானே ஓட்டிவந்து, சுகாதார நிலையத்தின் வாசலில் வழக்கமான இடத்தில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். பின்னால் ஓடிவந்த அவர் மனைவியின் முகத்தில்தான் பாம்பு தெரிந்தது.

நான் கொல்லிமலைக்கு நர்ஸாக மாற்றலாகி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மலையில் எனக்கு முதலில் பழக்கமானவர்களில் இவரும் ஒருவர். திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். பஸ் எட்டாத ஊர்களிலிருந்து பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களை ஏற்றிவருவது அவருடைய ஜீப்தான். வந்தவர்களுக்கு நாங்கள் ஊசி போட்டு, குளுக்கோஸ் இறங்கி முடியும்வரை காத்திருப்பார். அப்படிக் காத்திருந்த ஒரு மதியத்தில்தான் அவருக்குச் செஸ் ஆடத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. லாரி ஓட்டிய காலத்தில் லோடு கிடைக்காமல் கிடந்த இடங்களில் கற்றுக்கொண்டாராம். நான் நர்ஸிங் ஹாஸ்டலில் கற்றவள். அதன்பின் மதியச் சாப்பாட்டு வேளையில் கூட்டம் இல்லாவிட்டால், சுருட்டிவைக்கும் ரெக்சின் பலகையை ஜீப்பிலிருந்து எடுத்துவருவார். கருப்பு யானை ஒன்று தொலைந்துபோய் அதற்குப் பதிலாக ஒரு பெரிய நட்டு நின்றது. நான் ஒரு தடவைகூட அவரை ஜெயித்ததில்லை.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்," என்றார். "ஷெட்டுல கெடந்த காலிச் சாக்க எடுத்து உதறுனேன். கம்பியோ முள்ளோ குத்திப்போட்டுது. இவ பாம்பு பாம்புன்னு ஊரையே கூட்டிட்டா."

"நாந்தான் கண்டனுங்களே," என்றார் மனைவி. "கருப்பா, மேல வெள்ள வெள்ளயா வளையம். சாக்குக்கு அடியில நழுவிப் போச்சுங்க. கட்டுவிரியனுங்க அது."

அவருடைய வலது கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரண்ட் இல்லை. வெளியே ஐப்பசி மழை. ஜன்னலை ஒட்டி மேகம் வந்து நின்றதால் அந்த வெளிச்சமும் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே கொசு கடித்ததுபோல இரண்டு புள்ளிகள். வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. அமுக்கினால் வலி இல்லை.

வலி இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ கடித்தால் உடம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். வீங்கும், எரியும், ரத்தம் கசியும். கட்டுவிரியன் அப்படியல்ல. கடிபட்டவர் நன்றாக இருப்பார். பேசுவார், டீ குடிப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். உள்ளே விஷம் நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகும். முதலில் இமை கனக்கும். பிறகு பார்வை இரண்டாகும். பேச்சு மூக்கால் வரும். எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் நெஞ்சுக்கூடு ஏறி இறங்க மறந்துவிடும். வெறும் கம்பி குத்தியவரும் முதலில் சில மணி நேரம் இவரைப்போலத்தான் இருப்பார். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது.

எங்கள் டாக்டர் முந்தின நாள்தான் கீழே இறங்கியிருந்தார். இரவு பெய்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, ஒரு பெரிய மரம் வேரோடு குறுக்கே விழுந்துகிடந்தது. மேலே வரவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. எனக்குத் துணையாக இருந்தது ஆயாம்மா ஒருவர்தான். செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்துச் சுவரோரம் நிறுத்தினேன். தேவைப்பட்டால் மருந்து ஏற்ற இடது கையில் ஊசிக்குழாய் செருகி, பிளாஸ்திரி ஒட்டினேன். ரத்தம் ஒழுங்காக உறைந்தது; கட்டுவிரியன் விஷம் ரத்தத்தைத் தொடாது என்பதால் அதில் நிம்மதி இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தொட்டியடிக்கு ஓடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"விஷமுறிவு மருந்தை இப்பவே ஏத்திடலாமா சார்?"

"அறிகுறி இல்லாம வேண்டாம்மா. அந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்காம ஆளை முடிச்சிடும். ஆனா எல்லாத்தையும் எடுத்துத் தயாரா வை. இமை, பார்வை, குரல், எது கொஞ்சம் மாறினாலும் என்னைக் கேட்டுட்டு இருக்காத. உடனே ஆரம்பி. ஆளை மட்டும் எங்கயும் விட்டுடாத."

கடைசி வாக்கியம்தான் சிக்கல்.

நான் திரும்பி வந்தபோது அவருடைய அண்ணன் வந்திருந்தார். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல, முழங்கால்வரை சேறு.

"ஏனுங்க சிஸ்டரு, மருந்து போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்கண்ணா. பாத்துட்டு இருக்கோம்."

"பாத்துட்டு இருக்கறதுக்கு எதுக்குங்க ஆசுபத்திரி? குண்டனி நாட்டுல பச்சில குடுக்கறவரு இருக்காரு. ஒத்தயடிப் பாதைல போனா மதியத்துக்குள்ள போயிரலாம். எங்கய்யனுக்கு அவங்கப்பாருதான் பச்சில குடுத்துப் பொழைக்க வெச்சாரு."

"நடக்கவே கூடாதுங்கண்ணா. நடந்தா விஷம் வேகமா ஏறும். பாதி வழியில மூச்சு நின்னா யாருங்க பாக்கறது?"

"விசம்னே நீங்க சொல்லலியே. ஒண்ணுமில்லீன்னா ஊட்டுக்கு உடுங்க. விசம்னா மருந்து போடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயம். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு காலைத் தொங்கப்போட்டு இறங்கினார்.

"நானு போறனுங்க சிஸ்டர். பச்சிலைக்கும் போவல, ஒண்ணுக்கும் போவல. ஊட்டுக்குப் போயி ஒரு வாய் கஞ்சி குடிச்சுப்போட்டுப் படுத்தா செரியாப் போயிரும். வயிறு கொஞ்சம் இழுத்துப் புடிக்குது, காலைல வெறும் வயிறு பாருங்க."

கட்டுவிரியன் கடித்தவர்கள் பலர் முதலில் வயிற்றைத்தான் சொல்வார்கள். வெறும் வயிற்றுக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள்.

ஆயாம்மாவைக் கூப்பிட்டு, தொட்டியடிக்குப் போய் டாக்டரிடம் இதைச் சொல்லச் சொன்னேன். பிறகு, யோசித்துச் சொன்னேனா என்று எனக்கே தெரியாமல், சொன்னேன்:

"ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்கண்ணா. நீங்க ஜெயிச்சா நான் தடுக்கல. நான் ஜெயிச்சா நாளைக்குக் காலைல வரைக்கும் கட்டில விட்டு இறங்கக் கூடாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க என்னைக்குங்க ஜெயிச்சீங்க?"

"அப்ப பயம் என்ன?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மழையைப் பார்த்தார். "மழ உடற வரைக்கும் ஆடு," என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். மனைவி போய் ஜீப்பிலிருந்து பலகையை எடுத்துவந்தார்.

நான் ஜெயிக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆட்டத்தை இழுக்கலாம், அவ்வளவுதான். அவர் என் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு நோயாளியின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் பயந்துவிடுவார். செஸ் ஆடுகிறவர் எதிராளியின் முகத்தை எத்தனை தடவை பார்த்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கட்டிலின் நடுவில் பலகை. அவர் வெள்ளை. இடது கையைத் தலையணைமேல் வைத்துவிட்டு வலது கையால் ஆடினார். அவர் நகர்த்தியபோதெல்லாம் நான் ஏதாவது கேட்டேன். மிளகுக் கொடி எப்படி இருக்கிறது, கீழே மரவள்ளி எந்த ஆலைக்குப் போகிறது, இப்படி. பதிலைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டேன். அவர் சொன்ன ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை.

வெளியே காற்று பலத்தது. சில்வர் ஓக் மரம் ஒன்று எங்கோ முறிகிற சத்தம் கேட்டது. பிறகு அது விழுகிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். விழவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் வரிசை நிற்கும் வராந்தாவில் ஒரு நாய்கூட இல்லை. தொட்டியடியிலிருந்து திரும்பிய ஆயாம்மா, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர் என்று என் காதில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து அறையில் அவர் மருந்துக் குப்பிகளை எடுத்து டிரேயில் வைக்கும் சத்தம் மட்டும் கிணிங் கிணிங் என்று வந்தது. இவர் அதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு குதிரையைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் வைக்காமல் இருந்தார்.

எங்கே தப்பு செய்தேன் என்பது தெளிவாக நினைவிருக்கிறது. அவர் இடது இமை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பதுபோல் பட்டது. குனிந்து பலகையைப் பார்ப்பதனால் அப்படித் தெரிகிறதா, உண்மையிலேயே தாழ்ந்திருக்கிறதா? நிமிரட்டும், பார்ப்போம் என்று காத்திருந்தேன். "உங்க ஆட்டந்தானுங்க," என்றார். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல், அனாதையாக நின்ற அவருடைய சிப்பாய் ஒன்றை என் ராணியால் வெட்டினேன்.

அவர் நிமிர்ந்தார். இமை இரண்டும் சமமாகவே இருந்தன.

"என்னங்க சிஸ்டர், ராணியத் தானம் பண்றீங்க?"

அவருடைய குதிரை தாவி வந்து நின்றது. ஒரே தாவலில் என் ராஜாவுக்கும் செக், ராணிக்கும் குறி. ராஜாவை நகர்த்தாமல் முடியாது. நகர்த்தினேன். ராணி போனது. பதிலுக்குக் குதிரையை எடுத்தேன். அது ஆறுதலுக்குக்கூடப் போதாது.

"முடிஞ்சுதா?" என்று வாசற்படியிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"முடிஞ்ச மாதிரிதான்," என்றார் இவர்.

மழை குறைந்திருந்தது. கூரையிலிருந்து ஒழுகும் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. அண்ணன் எழுந்து ரெயின்கோட்டின் பட்டனைப் போட ஆரம்பித்தார்.

அவர் மனைவிக்குச் செஸ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டார். என் காதருகே குனிந்து, "தோக்கறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் கட்டிலைச் சுற்றிப் போய்க் கணவருக்குப் பக்கத்தில், அவர் இறங்க வேண்டுமென்றால் தன்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அதுவரை நான் ஆட்டத்தைச் சாக்காகத்தான் வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையாகவே ஆடினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. அவரிடம் ராணி, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள். என்னிடம் அந்த நட்டு யானையும் இரண்டு சிப்பாய்களும். ஜெயிப்பதற்கு வழியே இல்லை. தோற்காமல் இருக்க ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். நேரம் எடுத்தேன். "சீக்கிரமுங்க," என்றார். "அவசரப்பட்டுத்தானே ராணிய விட்டேன்," என்றேன். அதற்குச் சிரித்தார். சிரிப்பில் பாதி உதடுதான் வந்ததோ என்று எனக்குச் சந்தேகம். தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகக் குடித்தார்.

என் ராஜா மூலையில் மாட்டியிருந்தது. அதன் முன்னால் என் சிப்பாய். அந்தச் சிப்பாயை முட்டிக்கொண்டு அவருடைய சிப்பாய். பக்கத்துக் கட்டம் அவருடைய மந்திரியின் பார்வையில், குறுக்குக் கட்டம் அவருடைய சிப்பாயின் பார்வையில். ராஜாவுக்கு நகர ஓர் இடமும் இல்லை. அதை முதலில் சாவாகத்தான் பார்த்தேன். பிறகு சட்டென்று மறுபக்கம் தெரிந்தது. ஆட வேண்டியவரின் ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த அவரிடம் எதுவுமே இல்லை என்றால், அது தோல்வியல்ல. ஸ்டேல்மேட். டிரா. அவர் ஜெயிக்காவிட்டால் பந்தயப்படி போக முடியாது.

என்னிடம் நகரக்கூடியது இரண்டு. ஒரு சிப்பாய், ஒரு யானை. சிப்பாயை அவருடைய ராணிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். இன்னொரு முட்டாள்தனம் என்று நினைத்து அவர் எடுத்துக்கொண்டார். மிச்சம் யானை.

யானையை நேராக அவருடைய ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். "செக்."

அவர் நட்டைப் பார்த்தார். வெட்டினால் யானை போய்விடும், எனக்கு ஆட எதுவும் மிஞ்சாது, டிரா. அதை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். எடுக்காமல் ராஜாவை ஒதுக்கினார். நான் யானையைப் பின்னாலேயே கொண்டுபோனேன். "செக்." மறுபடி ஒதுங்கினார். மறுபடி ஒட்டி நின்றேன். இப்படிச் சாகத் துணிந்து நிற்கும் யானையை எங்கள் ஹாஸ்டலில் மதம் பிடித்த யானை என்போம்.

"என்னங்க இது, வுடாமத் தொரத்தறீங்க."

"செக்."

"ஆசுபத்திரில சோறு போடுவீங்களா, ராத்திரிக்கு?"

"போடுவோம். செக்."

அவர் ராஜா பலகையின் ஓரமாகவே நடந்தது. ஒளிய இடம் தேடுகிறார் என்பது புரிந்தது. அண்ணன் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தம்பி ராஜாவைக் கையில் எடுத்தார். வைத்தபோது அது ஒரு கட்டத்துக்குள் நிற்காமல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் கோட்டின்மேல் நின்றது. நான் எந்தக் கட்டம் என்று கேட்டேன். விரலால் தள்ளி வைத்தார். அந்த விரலுக்கும் கட்டத்துக்கும் இடையே ஒரு தடுமாற்றம் இருந்தது.

பக்கத்தில் யானையை வைத்தேன். "செக்."

இந்தத் தடவை எடுத்துவிட்டார். ராஜாவால் தட்டி, நட்டைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"டிராங்கண்ணா," என்றேன். "என் ராஜாவுக்கு நகர இடமில்ல. செக்கும் இல்ல."

அவர் மோவாயைத் தூக்கினார். பலகை கீழே இருக்கிறது. கீழே இருப்பதைப் பார்க்க யாராவது தலையைப் பின்னால் சாய்ப்பார்களா? நெற்றி முழுக்கச் சுருக்கம் விழுந்தது. புருவத்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

"எந்த ராஜாவுக்குங்க?" என்றார். வார்த்தை மூக்கின் வழியாக வந்தது. "ரெண்டு ராஜா தெரியுதுங்களே, சிஸ்டர்."

அவர் மனைவி ஒரு சத்தம் போட்டார். அது வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குச் சக்தி இல்லை, துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. பலகையைச் சுருட்ட நேரமில்லாமல் இழுத்துத் தரையில் தள்ளினேன். ஆயாம்மா டிரேயோடு நின்றார். குப்பிகளில் இருந்த தூளைக் கரைத்து, சலைனில் கலந்து, சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தேன். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் போட வேண்டிய ஊசியை என் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். அண்ணன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, "டேய் தம்பி, டேய், கண்ணத் தொற சாமி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண் திறக்கவில்லை. நான் கைவிரலைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார், ஒரு குழந்தை அழுத்துவதைப்போல.

"ரோட்டுல மரத்த எடுக்கறாங்களா, என்ன ஆச்சுன்னு பாருங்கண்ணா," என்றேன் அண்ணனிடம். "இங்க மூச்சுக்கு மெஷின் இல்ல. கீழ கொண்டுபோய்த்தான் ஆகணும்." அவர் கதவு அடிபட ஓடினார். பச்சிலை பற்றி அதற்குப்பின் அவர் வாயே திறக்கவில்லை. ஆட்களையும் ரம்பத்தையும் திரட்டிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் மூச்சு மேலோட்டமாகிக்கொண்டே வந்தது. கட்டுவிரியன் விஷம் ஒருமுறை பிடித்த நரம்பை மருந்தால் உடனே விடுவிக்க முடியாது. மேலும் பிடிக்காமல் தடுக்கலாம், அவ்வளவுதான். மூச்சு நிற்பதற்குள் மூக்குவாய் மூடியை முகத்தில் வைத்து, அதனோடு இணைந்த ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினேன். நெஞ்சு ஏறியது. விட்டேன். இறங்கியது. மறுபடி அமுக்கினேன். என் கை நின்றால் அந்த நெஞ்சும் நின்றுவிடும்.

"எனக்குச் சொல்லிக்குடுங்க," என்றார் மனைவி.

சொல்லிக்கொடுத்தேன். நான் மூடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க, அவர் பையை அமுக்கினார். தன் மூச்சோடு சேர்த்து அமுக்கினார். தான் மூச்சு விட்டபோதெல்லாம் அவருக்கும் விட்டார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அது நன்றாக இருந்தது.

அண்ணன் திரும்பி வந்தபோது சாயங்கால வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. மரத்தை அறுத்தாகிவிட்டது, மண் மட்டும் இன்னும் பாதி கிடக்கிறது, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்றார். பிறகு தம்பியைப் பார்த்தார். அசைவில்லாத உடம்பு. மூடிய கண். பையை அமுக்கிக்கொண்டிருக்கும் மனைவி. அண்ணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டார்.

"போயிருச்சுங்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "போயிருச்சு... போயிருச்சு..." என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

"இல்லீங்கண்ணா. நாடி இருக்கு. ஜீப்பை எடுங்க."

அவருடைய ஜீப்பிலேயே அவரைப் படுக்கவைத்தோம். அண்ணன் ஓட்டுகிற சீட்டில் ஏறப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். முன் சீட்டில் அந்தச் சாக்கு கிடந்தது. காலையில் உதறிய அதே சாக்கு. பழக்கதோஷத்தில் அதையே சீட்டில் விரித்துக்கொண்டு தம்பி ஓட்டி வந்திருக்கிறார். பாம்பு ஷெட்டில் நழுவியதைத்தான் மனைவி பார்த்தார். ஆனாலும் அந்த நேரத்தில் எது எங்கே இருக்கிறதென்று யாரால் சொல்ல முடியும்? அண்ணன் ஒரு குச்சியால் சாக்கைத் தூக்கி மழையில் எறிந்தார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க நேரமில்லை. ஏறி உட்கார்ந்தார். நாங்களும் ஏறினோம். போகும் வழி முழுக்க நான் என் காலை அந்தரத்தில் தூக்கியே வைத்திருந்தேன்.

சரிவுக்கு முன்னால் ஜீப் நின்றது. ஸ்ட்ரெச்சரை ஊர்க்காரர்கள் தோளில் வாங்கினார்கள். முழங்கால் சேற்றில் அவர்கள் நடக்க, இரண்டு பக்கமும் நானும் மனைவியும் பையை விடாமல் அமுக்கிக்கொண்டே நடந்தோம். மேலேயிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்தன. யாரோ, "சீக்கிரம் வாங்க, மேல மண்ணு இன்னும் நிக்கல," என்று கத்தினார்கள். ஆம்புலன்ஸுக்குள் ஏறியபிறகு அந்த வளைவுகள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாய, நாங்கள் அவர்மேல் சாய்ந்தோம். பையை மட்டும் விடவில்லை.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டார்கள். பல நாள் கழித்து முதலில் ஒரு கால்விரல் அசைந்ததாம். பிறகு புருவம். கடைசியாகத்தான் இமை திறந்ததாம். பிழைத்துக்கொண்டார்.

அவர் வீட்டு ஷெட்டிலிருந்த சாக்கு, விறகு, தகரம் எல்லாவற்றையும் அண்ணன் ஆள் வைத்து வெளியே எடுத்துப் பார்த்தார். பாம்பு கிடைக்கவில்லை. அது இப்போதும் அங்கேயோ பக்கத்திலேயோ இருக்கலாம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காலை வைக்குமுன் தரையைத் தட்டுகிறார்கள்.

தை பிறந்து மிளகு பறிக்கத் தொடங்கிய சமயத்தில் அவர் மறுபடி ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். மனைவியும் முன் சீட்டில் கூடவே வந்திருந்தார். இப்போதெல்லாம் தனியாக விடுவதில்லையாம். காய்ச்சல்காரக் கிழவர் ஒருவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இவர் பெஞ்சில் உட்கார்ந்தார். செஸ் பலகையை எடுத்து வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மனைவி தண்ணீர் பிடிக்கப் போனபோது இவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எல்லாம் காதுல வுழுந்துதுங்க சிஸ்டர்."

"எப்போங்கண்ணா?"

"அன்னைக்குத்தான். கண்ணத் தொறக்க முடியல, விரல அசைக்க முடியல. ஆனா முழிச்சுட்டுத்தான் இருந்தேன். நீங்க பேசுனது, இவ அழுதது, மண்ணு சரியுதுன்னு கத்துனது, எல்லாம். உசுரோட இருக்கேன்னு சொல்லோணும், வாயில்ல. பைய அமுக்கறத எப்ப நிறுத்திப்போடுவீங்களோன்னு அதுதான் பயம்."

எங்கள் பாடப் புத்தகத்தில் இது இரண்டு வரியில் இருக்கிறது. அந்த இரண்டு வரிக்குள் ஒரு மனிதன் பல நாள் கிடந்திருக்கிறான்.

"ராத்திரியா பகலான்னு தெரியாம கெடந்தனுங்களா, பொழுது போவோணுமே. அந்த ஆட்டத்தத்தான் திருப்பித் திருப்பி ஆடிட்டு இருந்தேன். ராஜாவ ஓரத்துல கொண்டுபோயிருக்கக் கூடாதுங்க. நடுவால போயி ராணிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தா உங்க யானைக்கு வழியில்ல. அன்னைக்கு நாந்தான் ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருந்தா ஊட்டுக்குப் போயிருப்பீங்க."

"ஆமா," என்றார். "அதையும் நெனச்சேன்."

மனைவி தண்ணீரோடு திரும்பி வருவது தெரிந்தது. அவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கண்ணன் போயிருச்சு போயிருச்சுன்னு சொன்னாரில்லீங்க, அதுவும் கேட்டுச்சு. அவருகிட்ட அதச் சொல்லிப்போடாதீங்க சிஸ்டர். தாங்கமாட்டாரு."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் மனைவியின் கையிலிருந்து சொம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் குடித்தார்.